லைக் குறைந்தால் மகள் ஏன் இப்படி வாடிப்போகிறாள்?

திருமங்கலத்திலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகள் பதினொன்றாம் வகுப்பு. இன்ஸ்டாகிராமில் போட்டோ போட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள், நினைத்த அளவுக்கு லைக் விழவில்லை என்றால் ராத்திரியே அந்தப் போட்டோவைத் தூக்கிவிடுகிறாள், மறுநாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இது ஏதாவது மனநோயா, போனைப் பிடுங்கி வைத்துவிடட்டுமா, நானும் அவள் போட்டோவுக்கு லைக் போட்டுவந்தால் சரியாகுமா என்று மூன்று கேள்வி. மதுரையில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. இதே கேள்வி வேறு வேறு வார்த்தையில் வந்துகொண்டே இருப்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதல் கேள்வி. இல்லைங்க, நீங்கள் சொல்லியிருக்கும் அளவுக்கு இதற்கு மனநோய் என்று பெயர் வைக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது, ஐசிடி 11 என்பார்கள், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வீடியோ கேமை நிறுத்த முடியாமல் வாழ்க்கையே குலைந்துபோகும் நிலையை அதில் ஒரு நோயாகச் சேர்த்திருக்கிறார்கள். சமூக ஊடகத்துக்கோ லைக்குக்கோ தனியாக ஒரு நோய்ப் பெயர் அதில் கிடையாது. அதனால் மகளைப் பற்றி ‘அவளுக்கு இன்ஸ்டா அடிக்‌ஷன்’ என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவைக்காதீர்கள், அது அவள் காதுக்குப் போகும், போனால் அடுத்த முறை உங்களிடம் வாய் திறக்க மாட்டாள். அதற்காக ஒன்றுமில்லை என்று விட்டுவிடவும் சொல்லவில்லை. அவள் படுகிற வேதனை நிஜம்.

அந்த வேதனை எங்கிருந்து வருகிறது என்பதற்கு யூடியூபில் ஒரு சுலபமான விளக்கம் சுற்றுகிறது, ஒவ்வொரு லைக்குக்கும் மூளையில் டோபமின் என்ற ரசாயனம் சுரக்கிறது, அது போதை மருந்து மாதிரி என்று. பாதிதான் சரி. 2016இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 13 முதல் 18 வயது வரையிலான 32 பிள்ளைகளை ஸ்கேன் மெஷினுக்குள் படுக்கவைத்து, இன்ஸ்டாகிராம் மாதிரியே ஒரு திரையில் போட்டோக்களை ஓட்டிக் காட்டினார்கள். அவர்களே கொடுத்த சொந்தப் போட்டோக்களும் அதில் கலந்திருந்தன. லைக் எண்ணிக்கையை ஆராய்ச்சியாளர்களே போட்டிருந்தார்கள், பிள்ளைகளுக்கு அது தெரியாது. தன் போட்டோவுக்கு நிறைய லைக் விழுந்திருப்பதைப் பார்த்தபோது, ஏதாவது நல்லது கிடைத்தால் துள்ளும் மூளைப் பகுதி துள்ளியது. ஆனால் அதே பகுதிதான் கையில் பணம் கிடைத்தாலும் துள்ளுகிறது, வாத்தியார் வகுப்பில் எல்லார் முன்னாலும் பாராட்டினாலும் துள்ளுகிறது. பதினாறு வயதில் சம வயதுக்காரர்களின் பாராட்டுக்கு ஏங்குவது இயல்பான வளர்ச்சி, அதைப் போதை என்று சொல்வது பிள்ளைக்குச் செய்கிற அநியாயம்.

அந்த ஆய்வில் என்னைக் கவலைப்படவைத்தது வேறு இரண்டு விஷயம். நிறைய லைக் இருந்த போட்டோவுக்குத்தான் இவர்களும் லைக் போட்டார்கள், படம் என்ன என்பதை விட எண்ணிக்கை இழுத்தது. சிகரெட், மது மாதிரி ஆபத்தான சமாச்சாரம் உள்ள படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ‘வேண்டாம், நில்’ என்று தடுக்கும் மூளைப் பகுதிகள் அடங்கிப்போயிருந்தன. ரிங் ரோட்டில் முன் சக்கரத்தைத் தூக்கி பைக் ஓட்டி ரீல்ஸ் போடும் பையன்களை நினைத்துப் பாருங்கள். 2021இல் வெளியான இன்னொரு ஆய்வு, நாலாயிரத்துக்கும் அதிகமானவர்களின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை எடுத்துப் பார்த்தது. லைக் அதிகமாகக் கிடைக்கும் காலத்தில் ஆட்கள் அடுத்த பதிவைச் சீக்கிரம் போடுகிறார்கள், குறைந்தால் இடைவெளி விடுகிறார்கள், சோதனைக்கூடத்தில் தீனிக்காகக் கட்டையை அழுத்தும் எலி எப்படிப் பழகுகிறதோ அதே கணக்கில் இதுவும் பொருந்துகிறது என்றார்கள். எதற்கு லைக் விழுகிறதோ அதையே திரும்பச் செய்யப் பழகுகிறோம். நம் தென்மாவட்டங்களில் பள்ளிப் பையன்கள் சாதிப் பாட்டைப் பின்னணியில் ஓடவிட்டு ரீல்ஸ் போடுவதும் இப்படித்தான் வளர்கிறது, முதல் வீடியோவை விளையாட்டாகப் போடுகிறான், தன் ஆட்கள் நூறு பேர் வந்து லைக் போட்டதும் இரண்டாவது வீடியோவில் முறைக்கிறான். இதைப் பெற்றோர் யாரும் லைக் பிரச்சினையாகப் பார்ப்பதில்லை, எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம்.

ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது 2009 பிப்ரவரியில். அதற்கு முன்பும் பிள்ளைகள் தன்னை நாலு பேருக்குப் பிடிக்கிறதா என்று தவித்தார்கள்தான். ஆனால் அதற்கு யாரும் எண்ணிக்கை போட்டுச் சுவரில் ஒட்டவில்லை. இப்போது எண்ணிக்கை இருக்கிறது, அது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது, பக்கத்து பெஞ்சுக்காரியின் எண்ணிக்கையோடு ஒப்பிட முடிகிறது. மனிதன் தன்னை எடை போட அளவுகோல் இல்லாதபோது பக்கத்தில் இருப்பவனை வைத்து எடை போடுவான் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954இலேயே எழுதிவிட்டார், இன்ஸ்டாகிராம் பிறந்தது அதற்கு ஐம்பத்தாறு வருடம் கழித்து, 2010இல். போதாததற்கு லைக் எப்போது வரும் என்றும் தெரியாது. மாதச் சம்பளம் மாதிரி ஒரு தேதியில் வந்தால் யாரும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப்பார்க்க மாட்டார்கள். எப்போது விழும், எத்தனை விழும் என்று தெரியாத பரிசுதான் கையைக் கட்டிப்போட முடியாத அளவுக்குப் பழக்கமாகும், இதைப் புறாக்களையும் எலிகளையும் வைத்து ஸ்கின்னர் என்ற உளவியலாளர் பல வருடம் சோதித்து எழுதிவைத்திருக்கிறார்.

இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மீதியைப் புரியவைக்க நான் எப்போதும் மொய் நோட்டைத்தான் சொல்வேன். காதணி விழாவோ கல்யாணமோ முடிந்த ராத்திரி, பந்தல்கூடப் பிரிக்காமல், வீட்டுக்காரர் மொய் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மொத்தம் எவ்வளவு என்பதை ஒரு தடவை கூட்டிப் பார்த்துவிடுவார். அதற்கப்புறம் அவர் விரல் பெயர்கள் மேலேதான் ஓடும். நாம் அவன் வீட்டுக்கு இரண்டாயிரம் செய்தோம், அவன் ஐந்நூறு எழுதியிருக்கிறான். சின்ன மச்சினன் பெயரே இல்லை. மொத்தத் தொகை லட்சத்தைத் தாண்டியிருந்தாலும் மச்சினன் செய்முறை வராதது தொண்டையில் நிற்கும், அதை வைத்து பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் உசிலம்பட்டிப் பக்கம் எத்தனையோ உண்டு. உங்கள் மகள் செய்வதும் அதேதான். எண்ணிக்கையைப் பார்ப்பாள், அப்புறம் அதைத் தட்டித் திறந்து யார் யார் என்று பார்ப்பாள். நான் அவள் போட்டோவுக்குப் போட்ட பத்தாவது செகண்டில் லைக் போட்டேன், அவள் என்னுடையதைப் பார்த்துவிட்டும் போடவில்லை என்று மனசுக்குள் கணக்கு ஓடும்.

பிறந்தநாள் வந்தால் இது உச்சத்துக்குப் போகும். உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, இப்போது பிள்ளைகளிடம் பிறந்தநாளின் மதிப்பு எத்தனை பேர் தன் போட்டோவை அவர்கள் ஸ்டேட்டஸிலும் ஸ்டோரியிலும் வைத்தார்கள் என்பதில்தான் இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கே யார் வைத்தது, சாயங்காலம் கடமைக்கு யார் வைத்தது, எனக்கு ஒரே ஒரு போட்டோ வைத்துவிட்டு அவளுக்கு மட்டும் பாட்டுப் போட்டு வீடியோவாக வைத்தது யார் என்று எல்லாம் ஞாபகத்தில் இருக்கும். என்னிடம் அழுதுகொண்டு வந்த பெண்பிள்ளைகளில் பலர் சொன்ன வாக்கியம் ஒன்றேதான், ‘அவ மட்டும் வைக்கலை’. இருநூறு பேர் வைத்திருந்தாலும் அதே வாக்கியம்தான்.

அதனால்தான் எத்தனை லைக் வந்தது என்று பிள்ளையிடம் நான் கேட்பதே இல்லை, யாருடைய லைக்குக்குக் காத்திருந்தாய் என்று கேட்பேன். முதலில் ‘அப்படியெல்லாம் யாரும் இல்ல’ என்பார்கள். கொஞ்ச நேரம் பொறுத்தால் ஒரு பெயர் வரும், சில சமயம் இரண்டு மூன்று. போன வருடம் வரை கூடவே டியூஷன் போய்வந்த தோழி, இப்போது வேறு கூட்டத்தோடு சேர்ந்துவிட்டாள். பேச்சு நின்றுபோன ஒரு பையன். வெளியூரில் வேலைபார்க்கும் அண்ணன், இவளிடம் போனில் பேசுவதே இல்லை, ஆனால் மற்ற எல்லாருடைய போட்டோவுக்கும் லைக் போடுகிறான். பெயர் வெளியே வந்துவிட்டால் பிரச்சினை இன்ஸ்டாகிராமை விட்டுவிட்டு வகுப்பறைக்கோ வீட்டுக்கோ வந்துவிடும், அங்கே நம்மால் ஏதாவது செய்ய முடியும்.

இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. 2020இல் அமெரிக்காவில் பள்ளி மாணவர்களிடம், புதிதாக ஒரு தளம் உருவாக்குகிறோம், உன் வயதுப் பிள்ளைகளோடு அறிமுகமாகிப் பார் என்று சொல்லி உட்காரவைத்தார்கள். லைக் கொடுத்தது கம்ப்யூட்டர், சிலருக்கு வேண்டுமென்றே குறைவாக. குறைவாக வாங்கிய பிள்ளைகள் தான் ஒதுக்கப்பட்டதாக உணர்ந்தார்கள், தன்னைப் பற்றியே தாழ்வாக நினைத்தார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஏற்கனவே பள்ளியில் கேலிக்கும் ஒதுக்கலுக்கும் ஆளான பிள்ளைகளுக்கு அடி இன்னும் பலமாக விழுந்தது. ஏற்கனவே புண் இருக்கிற இடத்தில்தான் இது படுகிறது.

‘எல்லாப் பிள்ளையும்தான் போன் பார்க்குது, இவளுக்கு மட்டும் என்ன’ என்று வீட்டில் யாராவது சொல்லியிருந்தால் அதற்கும் பதில் இதில் இருக்கிறது. லட்சக்கணக்கான வளரிளம் பருவத்தினரின் தகவல்களை வைத்து 2019இல் ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கி இருவரும் கணக்குப் பார்த்தபோது, பிள்ளைகளின் மனநலத்தில் உள்ள ஏற்றத்தாழ்வில் டிஜிட்டல் பழக்கத்தால் விளக்க முடிந்தது அதிகபட்சம் 0.4 சதவீதம்தான். அப்படியானால் பயமே வேண்டாமா என்றால், சராசரி என்பது பலரை மறைத்துவிடும். நெதர்லாந்தில் 63 பிள்ளைகளைத் தனித்தனியாகத் தொடர்ந்து கவனித்தபோது, மற்றவர்கள் போட்டதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த பிறகு 46 சதவீதம் பேருக்கு மனசு கொஞ்சம் நன்றாகவே இருந்தது, 44 சதவீதம் பேருக்கு ஒரு மாற்றமும் இல்லை, 10 சதவீதம் பேருக்கு மோசமானது. உங்கள் மகள் அந்தப் பத்து சதவீதத்தில் ஒருத்தியாக இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையை வைத்து இவளை அளக்காதீர்கள்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. கோலம் போட்டதை, சமைத்ததை, படம் வரைந்ததைப் போட்டால் இருபது லைக், முகத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்துப் போட்டால் நூற்றிருபது என்று ஆகும்போது அந்தப் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நிறமும் சேர்ந்துகொள்கிறது. பில்டர் போட்டு வெளுப்பாக்கிய முகத்துக்கு விழுந்த லைக், அடுத்த நாள் கண்ணாடியில் பார்க்கும் நிஜ முகத்தை அவளுக்கே பிடிக்காமல் ஆக்கிவிடுகிறது. ஃபேஸ்புக் நிறுவனத்தில் வேலைபார்த்த பிரான்சஸ் ஹாகன் 2021இல் வெளியே கொண்டுவந்த உள் ஆவணங்களில், தன் உடம்பைப் பற்றி ஏற்கனவே மோசமாக உணரும் இளம் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த உணர்வை இன்னும் மோசமாக்கியதாகச் சொல்லியிருந்தார்கள். நிறுவனத்துக்கே தெரிந்திருந்தது என்பதுதான் கோபம் வரவைக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்குப் பாவாடை தாவணி கட்டிக்கொண்டு எடுத்த போட்டோவைப் போட்ட அன்று ராத்திரியே ஒரு பிள்ளை எடுத்துவிட்டது, ‘நான் கருப்பா தெரியுறேன்’ என்ற ஒரே காரணத்துக்காக. வீட்டில் விளையாட்டுக்குக்கூட நிறத்தைச் சொல்லிக் கிண்டல் பண்ணாதீர்கள், அத்தைமார்களிடமும் சொல்லிவையுங்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி, போனைப் பிடுங்கலாமா. வேண்டாம். பிடுங்கினால் லைக்குக்கு ஏங்குவது நிற்காது, தோழியின் போனில் லாகின் செய்வாள், உங்களிடம் மறைக்கவும் பழகுவாள். அதோடு அவளுக்கு ஆறுதல் சொல்லும் இரண்டு நல்ல தோழிகளும் அந்தப் போனுக்குள்தான் இருக்கிறார்கள், அதையும் சேர்த்து அறுத்துவிடுவோம். அளவைக் குறைப்பது வேறு விஷயம், அது உதவும். 2018இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்துப் பார்த்தபோது, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் மூன்றையும் ஒரு நாளைக்குத் தலா பத்து நிமிடத்துக்குள் மூன்று வாரம் வைத்துக்கொண்டவர்களுக்குத் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் பத்து நிமிடம் என்று சட்டம் போட்டால் நடக்காது. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வீட்டில் யார் போனும் படுக்கைக்கு வராது என்று ஆரம்பியுங்கள், உங்கள் போனும் சேர்த்துத்தான், எல்லாம் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும். போட்டோவைப் போட்டுவிட்டுத் தூங்காமல் கிடந்து எண்ணுவது அந்த நேரத்தில்தான்.

லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதி இன்ஸ்டாகிராமிலேயே இருக்கிறது. 2019இல் கனடாவில் தொடங்கி, ஆஸ்திரேலியா, ஜப்பான், பிரேசில் என்று சில நாடுகளில் எண்ணிக்கையை மறைத்துச் சோதித்தார்கள், சிலருக்கு நிம்மதியாக இருந்தது, சிலருக்கு எரிச்சலாக இருந்தது, கடைசியில் 2021 மே மாதம் வேண்டுமென்றால் மறைத்துக்கொள் என்று அவரவரிடமே விட்டுவிட்டார்கள். செட்டிங்ஸில் போய் மற்றவர்கள் பதிவில் உள்ள எண்ணிக்கையை மறைக்கலாம், தன் பதிவிலும் மறைக்கலாம். ஆனால் தனக்கு எத்தனை விழுந்தது என்பதை அவள் தட்டிப் பார்த்துக்கொள்ள முடியும் என்பதால் இது ஒப்பிடுவதைத்தான் குறைக்கும், காத்திருப்பதைக் குறைக்காது. நீங்களாகப் போனை வாங்கி மாற்றாதீர்கள். ‘ஒரு பத்து நாள் மறைச்சுப் பாரும்மா, பிடிக்கலைன்னா திருப்பி வச்சுக்கோ’ என்று சொல்லிப் பாருங்கள், கேட்பாள்.

இன்னொரு விஷயத்தையும் அவளுக்கு விளக்குங்கள், இதைச் சொன்னதும் பல பிள்ளைகள் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். நாம் போடும் போட்டோ நம்மைப் பின்தொடரும் எல்லாருக்கும் காட்டப்படுவதில்லை. 2016க்கு முன்பு நேர வரிசைப்படி காட்டினார்கள், அதற்கப்புறம் யாருக்கு எதை மேலே காட்டுவது என்பதை நிறுவனத்தின் கணக்கு முடிவு செய்கிறது. நாற்பது லைக்தான் விழுந்தது என்றால் மற்ற எல்லாருக்கும் அவளைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை, அவர்களில் நிறையப் பேர் கண்ணிலேயே அது பட்டிருக்காது. அவள் யாருடைய லைக்குக்குக் காத்திருந்தாளோ அந்தத் தோழியின் கண்ணிலும் பட்டிருக்காமல் போகலாம். லைக் வரவில்லையே என்று அவளிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை, நாளைக்குச் சேர்ந்து பஸ் ஏறலாமா என்று கேட்கலாம். என் அனுபவத்தில் நேரில் ஒரு வாரம் பேச ஆரம்பித்துவிட்டால் லைக் பேச்சு தானாகப் பின்னால் போய்விடுகிறது. அந்தத் தோழி நிஜமாகவே விலகிவிட்டாள் என்று தெரிந்தாலும் அழுது தீர்க்க ஒரு காரணம் தெளிவாகக் கிடைக்கும், அப்போது பக்கத்தில் இருங்கள், ‘போனா போறா விடு’ என்று சொல்லிவிடாதீர்கள்.

எப்போது வெளியே உதவி தேட வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு குலைந்திருந்தால், பள்ளிக்குப் போக மாட்டேன் என்றால், முன்பு ஆசையாகச் செய்ததையெல்லாம் விட்டுவிட்டால், கையில் கீறிக்கொண்ட தடம் தெரிந்தால், இருந்து என்ன செய்யப்போகிறேன் என்கிற மாதிரி பேச்சு ஒரே ஒரு தடவை வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. நேரில் போகத் தயக்கம் என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இருபத்துநான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசுவார்கள், அவளே கூப்பிட்டுப் பேசலாம். யாராவது போட்டோவை வைத்து மிரட்டுவதாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. கடைசியாகச் சொன்னதை எதற்குச் சேர்த்தேன் என்றால், திடீரென்று போட்டோவைத் தூக்குவதற்கு லைக் குறைவு மட்டும்தான் காரணம் என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது, ஒருமுறை கேட்டுவிடுங்கள். கேட்கும்போது ‘யாராவது உன்னைத் தொந்தரவு பண்ணினா தப்பு உன் மேல இல்லம்மா, அப்பா உன்னைத் திட்ட மாட்டேன்’ என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

மூன்றாவது கேள்வி, நீங்கள் லைக் போடலாமா. அவளிடமே கேளுங்கள். பாதிப் பிள்ளைகளுக்கு அப்பா வந்து லைக் போடுவது கூச்சமாக இருக்கும், கமெண்ட் போட்டால் அதைவிடக் கூச்சம், வேண்டாம் என்றால் மனசில் எதுவும் வைத்துக்கொள்ளாமல் விட்டுவிடுங்கள். போடு என்றால் போடுங்கள், ஆனால் முகப் போட்டோவுக்கு மட்டும் போட்டுவிட்டு அவள் வரைந்த படத்தைத் தாண்டிப் போகாதீர்கள். என்ன போடுகிறாள் என்று பார்க்க வேறு பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி உள்ளே நுழையும் அப்பாக்கள் உண்டு, அதை மட்டும் செய்யாதீர்கள், நிச்சயம் கண்டுபிடித்துவிடுவார்கள், கண்டுபிடித்தால் நான் மேலே சொன்ன பேச்சு எதையும் அவளோடு தொடங்கவே முடியாது.